மூன்று படிக்கு 5.4 மீட்டர்

பள்ளிக்கூடத்து வாசலில் மூன்று படி இருக்கிறது. படிக்கு 15 செ.மீ. என்றால் மொத்த உயரம் 45. சக்கர நாற்காலி ஏற, உயரத்தைப் போல 12 மடங்கு நீளத்துக்குச் சாய்தளம் வேண்டும். கணக்குப் போட்டால் 5.4 மீட்டர். வாக்குப்பதிவு அன்று அங்கே ஒன்றரை மீட்டர் பலகையைச் சாய்த்து வைத்தால் நாற்காலி மல்லாக்க விழும். கடைசியில் இரண்டு பேர் ஆளையே தூக்கிக்கொண்டு போவார்கள். இப்படித் தூக்கிச் சுமப்பதை எந்த மாற்றுத்திறனாளியும் சகித்துக்கொள்ளக் கூடாது என்று ஆயுள் முழுக்கச் சண்டை போட்டவர் ஜாவேத் அபிதி.

1965இல் அலிகாரில் பிறந்தார். கருவிலேயே முதுகுத்தண்டு சரியாக மூடாத ஸ்பைனா பைஃபிடா. 15 வயதிலிருந்து சக்கர நாற்காலி. அமெரிக்காவின் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தார். கட்டடங்களுக்கு நடுவே சுரங்கப்பாதை போட்ட வளாகம் அது. மழையோ பனியோ, யாரையும் கூப்பிடாமல் வகுப்புக்குப் போய்விடலாம். 1989இல் இந்தியா திரும்பினார். 1995 டிசம்பரில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் நிறைவேறியதில் அவரும் தோழர்களும் தெருவில் இறங்கியதற்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்து விமானம். உச்ச நீதிமன்றத்தில் அவர் கேட்டவை மிகத் துல்லியமானவை: உள்ளே போக ஒடுக்கமான நாற்காலி, விமானக் கதவு உயரத்துக்கு ஏற்றிவிடும் தூக்கி, பார்வையற்றோருக்கு இருந்த கட்டணச் சலுகை கை கால் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கும். 1998 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அப்போதைய அரசு விமான நிறுவனமான இந்தியன் ஏர்லைன்ஸ், 80 சதவீதமோ அதற்கு மேலோ இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்தச் சலுகையைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஒடுக்கமான நாற்காலி ஏன்? சாதாரண சக்கர நாற்காலியின் அகலம் 60 செ.மீ.க்கு மேல், விமான நடைபாதை சுமார் 50 செ.மீ.தான். அந்த நாற்காலி இல்லாவிட்டால் அக்குளிலும் முழங்காலிலும் பிடித்துத் தூக்குவார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்குக் கைதாங்கியில் தோல் உரசிக் கிழிந்தாலும் தெரியாது. இரவு உடை மாற்றும்போதுதான் புண் கண்ணில் படும்; ஆற மாதக்கணக்காகும். நடைபாதை ஓர இருக்கை பலவற்றில் கைதாங்கியை மேலே மடக்கலாம். அதற்கான சின்ன விசை கீல் பக்கம், அடியில் ஒளிந்திருக்கும். பணியாளரிடம் சொல்லி முதலில் அதை மடக்க வைத்துவிட்டு, பிறகு உடலை நகர்த்தச் சொல்லுங்கள்.

2004 மக்களவைத் தேர்தலின்போது வாக்குச்சாவடிகளில் மரச் சாய்தளம் வைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும் அவர் தரப்பு போட்ட வழக்கில்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இதைத் தேர்தல் ஆணையத்தின் கடமையாகவே எழுதிவைத்திருக்கிறது. ஆனால் பலகை போட்டால் மட்டும் போதாது. தவறு இரண்டு முனையிலும்தான் நடக்கிறது. கீழ்முனை மணலில் முடிந்தால் முன்பக்கச் சின்னச் சக்கரம் புதைந்துவிடும். ஒன்றரை மீட்டருக்காவது கெட்டியான சமதளம் வேண்டும். மேல்முனை நிலைப்படியோடு ஒட்டாமல் 2 செ.மீ. மேடு நின்றாலே போதும், சக்கரம் முட்டி, உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். வழுக்காமல் இருக்கக் குறுக்கே ரீப்பர் அடிப்பது கெடுதல். ஒவ்வொரு அதிர்வுக்கும் தசை இழுத்துக்கொள்ளும். பெயின்டில் மணல் கலந்து பூசினால் பிடிப்பு கிடைக்கும். இரு ஓரமும் 5 செ.மீ. விளிம்பு, பக்கத்தில் கைப்பிடி. வாசலில் 5.4 மீட்டர் இடம் இல்லையா? நடுவில் ஒன்றரை மீட்டர் சதுர மேடை வைத்துத் திருப்புங்கள். தரைமட்டத்தில் வேறு அறை இருந்தால் சாவடியையே அங்கே மாற்றிவிடலாம். செலவே இல்லாத வழி இதுதான். முந்தின நாள் டேப்போடு போய் உயரத்தை அளந்து பாருங்கள். விடிந்தபின் அளந்து பயனில்லை.

எங்களுக்கு அவருடைய வேலைகளிலேயே பெரிதாகத் தெரிவது வேறொன்று. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகளைப் பற்றிக் கேள்வியே கிடையாது. எண்ணாதவர்களுக்கு எந்த அரசு பணம் ஒதுக்கும்? அபிதியும் தோழர்களும் விடாமல் நெருக்கியபின் 2001இல் கேள்வி சேர்ந்தது. வந்த கணக்கு 2.19 கோடி, 2011இல் 2.68 கோடி. இவையும் குறைவான எண்கள் என்பது களத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். "வீட்டுல ஊனமுற்றவங்க யாராவது இருக்காங்களா?" என்று ஒரே மூச்சில் கேட்டால், பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் "இல்லைங்க" என்றுதான் பதில் வரும். செயலை வைத்துக் கேட்டால் நிலைமை மாறும்: கண்ணாடி போட்டும் பார்க்கச் சிரமமா? நடக்க, படியேறச் சிரமமா? பிறர் பேசுவது காதில் விழுகிறதா? ஒன்றை நினைவில் வைக்கச் சிரமமா? தானே குளிக்க, உடுத்த முடிகிறதா?

அபிதி 2018 மார்ச் 4 அன்று காலமானார், வயது 52. அடுத்த கணக்கெடுப்பு 2027இல். கணக்கெடுப்பாளர் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனால் நிறுத்தி, நீங்களே சொல்லுங்கள். மனநலப் பாதிப்பு உள்ளவரை, காது மந்தமான பாட்டியை, பேச்சு வராத பிள்ளையை விட்டுவிட வேண்டாம். பதிந்ததைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.