ஓப்பன்எஸ்எஸ்எல் பில்டும் அம்மாவின் வடாமும்: ஒரு மாதக் குறிப்புகள்

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பரணில், ரௌட்டருக்குப் பக்கத்தில் ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் ஒன்று கிடக்கிறது. அதற்கு ஒரே வேலைதான். மொட்டை மாடி டேங்கில் மாட்டியிருக்கும், ஈஎஸ்பி32 என்ற சின்னச் சிப் வைத்த சென்சார் தண்ணீர் மட்டத்தை அனுப்பும், பையில் ஓடும் மொஸ்கிட்டோ என்ற நிரல் அதை வாங்கி அப்பாவின் போனில் காட்டும். நடுவில் டிஎல்எஸ், அதாவது யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி மறையாக்கி அனுப்பும் முறை. மொஸ்கிட்டோ என்ற பெயரைக் கேட்டதும் "கொசுவுக்கெல்லாம் சாப்ட்வேரா" என்று அம்மா சிரித்தது தனிக்கதை.

பையில் இருப்பது டெபியன் 12 என்ற லினக்ஸ் வழிவந்த ஓஎஸ். டிஎல்எஸ் வேலையைச் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற லைப்ரரி அதோடு வருகிறது, 3.0 வரிசை. 2025 ஏப்ரல் 8 அன்று 3.5 வந்தது. குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தாலும் தாங்கும் என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் தரப்படுத்திய எம்எல்-கெம் என்ற சாவிப் பரிமாற்ற முறை அதில் உள்ளேயே இருக்கிறது. அதை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. தேவையா என்று கேட்டால், இல்லை. தண்ணீர் மட்டத்தை ஒட்டுக்கேட்க யாரும் குவாண்டம் கம்ப்யூட்டர் வாங்கப் போவதில்லை.

மே 3, சனி

3.5-இன் சோர்ஸை, அதாவது மூல நிரலை, இறக்கிப் பிரித்தேன். அதை ஓடக்கூடிய நிரலாக மாற்றுவதுதான் பில்ட். சி மொழி நிரல்கள் என்றால் கான்ஃபிகர் (தயார் செய்), மேக் (கம்பைல் பண்ணு), மேக் இன்ஸ்டால் (நிறுவு) என்று பழகிய கை. பெயர் அதேதான், ஆனால் இதன் கான்ஃபிகர் நமக்குப் பழகிய ஆட்டோகான்ஃப் கருவி உண்டாக்கியது இல்லை, முழுக்கப் பெர்ல் மொழியில் எழுதியது. ஒவ்வொரு அடைவிலும் பில்ட்.இன்ஃபோ என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. பெர்ல் அதையெல்லாம் படித்துச் சேர்த்து, மேக் பின்பற்றும் மேக்ஃபைலை எழுதுகிறது. சிப்பின் மொழிக்கு நெருக்கமான அசெம்பிளி கோப்புகளைக்கூட பெர்ல்தான் உற்பத்தி செய்கிறது. பெர்ல் செத்துவிட்டது என்று சொல்பவர்கள் இங்கே வந்து பார்க்கலாம்.

சோர்ஸுக்குள்ளேயே பில்ட் பண்ணாமல் வெளியே தனி அடைவு வைத்து, அங்கிருந்து கான்ஃபிகரைக் கூப்பிட்டேன். இது நல்ல பழக்கம். சொதப்பினால் அடைவையே அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். நான் ஐந்து முறை அழித்தேன்.

அப்புறம் "நோ" பட்டியல். எது வேண்டாமோ அதற்கு முன்னால் நோ போட்டால் அது பில்டில் சேராது. ருசி கண்ட பூனை மாதிரி ஆகிவிட்டேன். ஆவணங்கள் வேண்டாம், டிஎல்எஸ் 1.0, 1.1 வேண்டாம், பழைய சைஃபர்கள் (மறையாக்க முறைகள்) இருக்கும் லெகசி வேண்டாம். என்ஜின் என்று ஒன்று, 3.0 வந்தபோதே கைவிடப்போவதாக அறிவித்துவிட்ட, வெளிச் செயலாக்கங்களைச் சொருகும் பழைய வசதி, அதுவும் வேண்டாம்.

வேண்டாததை வெட்டுவது வெறும் அழகுக்காக இல்லை. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பீட் என்ற வசதியில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, உடனே அதைச் சரிசெய்த 1.0.1ஜி பதிப்புக்கு மாற முடியாதவர்களுக்கு அந்தக் குழுவே சொன்ன மாற்று வழி, ஹார்ட்பீட்டை விலக்கும் ஒரு கொடியோடு (ஃபிளாக்) மறுபடி கம்பைல் பண்ணு என்பதுதான். அந்த வசதியை உபயோகிக்கவே செய்யாத எத்தனையோ சர்வர்களில் அது சும்மா உட்கார்ந்திருந்தது. அதை நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டு நோ சேர்த்தேன். இந்த உற்சாகம்தான் அடுத்த வாரம் வடாமில் போய் முடிந்தது.

நட்சத்திரக் குறிகளால் கட்டம் கட்டி, கான்ஃபிகர் வெற்றி என்று திரையில் வந்தது. மேக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். காலையில் பார்த்தால் பில்ட் பாதியில் நிற்கிறது. ராத்திரி கரண்ட் போயிருக்கிறது. சரி, மேக்தானே, விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று மறுபடி கொடுத்தேன். தொடர்ந்தது. கடைசியில் கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக லிங்க் பண்ணும்போது, அந்தத் துண்டுகளில் ஒன்றான ஒரு ஆப்ஜெக்ட் கோப்பின் வடிவமே புரியவில்லை என்று பிழை. போய்ப் பார்த்தால் அந்தக் கோப்பின் அளவு பூஜ்யம் பைட். கரண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்தது போல. மேக் தேதியைத்தான் பார்க்கும், உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்காது. அடைவை அழித்தேன். இது முதல் தடவை.

இரண்டாம் முறை நான்கு கோர்களையும் ஓடவிட்டேன். பரணில் அந்த நேரம் கை வைக்க முடியவில்லை. பையின் வெப்பத்தைக் கேட்டால் 82 டிகிரி என்றது. 80-ஐத் தாண்டினாலே அது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கூடவே த்ராட்டில் (வேகக் குறைப்பு) நிலையைக் கேட்டேன், 50005 என்று வந்தது. அதற்கு அர்த்தம், மின்னழுத்தமும் இப்போது போதவில்லை, வேகமும் இப்போது குறைக்கப்பட்டிருக்கிறது. இத்தனை நாள் ஒரு பழைய போன் சார்ஜரில் ஓட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் மட்டம் காட்டுகிற வேலைக்கு அது போதும், கம்பைலருக்குப் போதாது.

நடுவில் குறுக்குவழியும் பார்த்தேன். பையின் ஆர்ம் சிப்புக்கான நிரலை லேப்டாப்பிலேயே உண்டாக்கும் கிராஸ் கம்பைலர் போட்டு ஐந்தே நிமிடத்தில் பில்ட் முடித்து, பைக்கு நகலெடுத்தேன். லேப்டாப்பில் உபுண்டு 24.04, நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி அதில் 2.39. பையில் 2.36. புதியதை நம்பிக் கம்பைல் ஆனது பழையதில் ஓடவே மறுத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் விட்டு வரும்போது ரிச்சி ஸ்ட்ரீட்டில் இறங்கினேன். 5.1 வோல்ட், 3 ஆம்ப் அடாப்டரும் ஃபேன் வைத்த ஹீட் சிங்கும் கேட்டேன். "பை 5-க்கா, 4-க்கா சார்? தெரியாம வாங்கிட்டுப் போயிட்டு நாளைக்கு மாத்திக் குடுன்னு வராதீங்க" என்றார் கடைக்காரர். அனுபவம் பேசுகிறது. அதற்கப்புறம் மூன்றாவது பில்ட் ஒரே மூச்சில் முடிந்தது. எல்லாச் சோதனைகளும் தேறின.

மே 10, சனி

இன்ஸ்டால். ஆப்ட் அடைவுக்குள் தனியாகத்தான் போட்டேன், சிஸ்டத்தின் கோப்புகள் எதையும் தொடவில்லை. புது ஓப்பன்எஸ்எஸ்எல்லைக் கூப்பிட்டால், அது சிஸ்டத்தில் இருக்கும் பழைய லைப்ரரியை எடுத்துக்கொண்டு, வேண்டிய பதிப்பு இல்லை என்று கத்தியது. என் லைப்ரரி எங்கே இருக்கிறது என்று, நிரல் தொடங்கும்போது லைப்ரரிகளைத் தேடி ஏற்றும் லோடருக்குத் தெரியவில்லை. தெரியப்படுத்தலாம் என்று லோடர் தேடும் இடங்களின் பட்டியலான எல்டி.சோ.கான்ஃப் பக்கம் போய் என் அடைவை ஒரு வரியாகச் சேர்த்து, அதை அமலுக்குக் கொண்டுவரும் எல்டிகான்ஃபிகை ஓட்டினேன். உடனே வேலை செய்தது. சிஸ்டத்தின் பழைய ஓப்பன்எஸ்எஸ்எல்லிடம் பதிப்பு கேட்டுப் பார்த்தேன். அது முதலில் 3.0 என்று சொல்லிவிட்டு, அடைப்புக்குறிக்குள் லைப்ரரி 3.5 என்றது. அட, இரண்டும் ஒத்துப்போகிறதே என்று பெருமைதான் பட்டேன். எச்சரிக்கை அதுதான் என்று உறைக்கவில்லை. நல்ல பிள்ளையாகப் பையை ஒருமுறை ரீபூட் பண்ணிவிட்டு, டீ குடிக்கத் தெருமுனைக்குப் போனேன்.

3.0 முதல் 3.5 வரை எல்லாவற்றுக்கும் லைப்ரரியின் பெயர் ஒன்றே. லிப்கிரிப்டோ.சோ.3. கடைசியில் இருக்கும் அந்த 3 மாறாது. அதாவது நான் சேர்த்த ஒரு வரியால், பையில் அந்தப் பெயரைக் கேட்கும் எல்லா நிரல்களுக்கும் இனி கிடைக்கப்போவது என் லைப்ரரி. நான் கத்தரித்த லைப்ரரி. நோ-என்ஜின் போட்டது. டெபியன் தரும் மொஸ்கிட்டோவோ என்ஜின் இருக்கும் என்று நம்பிக் கம்பைல் செய்யப்பட்டது.

திரும்பி வந்தபோது வாசலிலேயே அப்பா. "என்னடா பண்ணித் தொலைச்ச? போன்ல அரை டேங்குன்னே காட்டிட்டிருக்கு, மேல தண்ணி வழிஞ்சு ஊத்துது."

ரீபூட்டுக்குப் பிறகு மொஸ்கிட்டோ எழுந்திருக்கவே இல்லை. லாக்கில் ஒரே வரி, என்ஜின் என்று தொடங்கும் ஒரு சிம்பல் (லைப்ரரிக்குள் நிரல் தேடும் பெயர்) காணோம். போனில் நின்றுபோனது ரீபூட்டுக்கு முந்தைய கடைசி அளவு. அதை நம்பி அப்பா மோட்டாரை ஓடவிட்டிருக்கிறார். டேங்க் நிரம்பி, வழிந்து, மொட்டை மாடி முழுக்க ஓடி, வெள்ளை வேட்டியில் அம்மா காலையில் பிழிந்து வைத்திருந்த கூழ் வடாம் மறுபடி கூழாகவே ஆகிவிட்டிருந்தது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அந்த வரியை நீக்கி, மறுபடி எல்டிகான்ஃபிக், மொஸ்கிட்டோ வந்துவிட்டது. கான்ஃபிகர் எழுதிவைத்திருந்த கான்ஃபிக்டேட்டாவைப் பெர்லிடம் டம்ப் பண்ணச் சொல்லி இரவு உட்கார்ந்து படித்தேன். எவையெல்லாம் விலக்கப்பட்டன என்ற பட்டியலில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் காரணமும் இருக்கிறது. இயல்பாகவே விலக்கப்பட்டதா, நான் கேட்டதா, நான் கேட்ட வேறொன்றால் சேர்ந்து விழுந்ததா என்று. என்ஜினுக்கு நேராக, நானே கேட்டது என்று எழுதியிருந்தது. மறுக்க முடியாத சாட்சி.

மே 11, ஞாயிறு

முதலில் அம்மாவோடு வடாம் பிழிந்தேன். தண்டனை.

பிறகு ஆர்பாத். லைப்ரரி இருக்கும் இடத்தை லோடருக்கு ஊரறியச் சொல்லாமல், என் பைனரிக்குள்ளேயே எழுதி வைத்துவிடும் முறை. அதற்கு லிங்கரிடம் தர வேண்டிய வரி, சோர்ஸோடு வரும் யூனிக்ஸ் குறிப்புகளில் இருக்கிறது. டாலர், அடைப்புக்குறிக்குள் லிப்ஆர்பாத். அந்த வரியில் இருக்கும் ஒற்றை மேற்கோளை அலட்சியமாக இரட்டை மேற்கோளாக அடித்தேன். லிப்ஆர்பாத் என்றொரு கட்டளை இல்லை என்று ஷெல் (நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கும் நிரல்) ஒரு வரி சொல்லிவிட்டு, அந்த இடத்தில் வெறுமையை வைத்து கான்ஃபிகரை ஓட்டிவிட்டது. கான்ஃபிகரும் கட்டம் கட்டி வெற்றி சொன்னது. அந்த ஒரு வரி மேலே ஓடிப்போனதை நான் பார்க்கவில்லை. பில்ட் முடிந்த பிறகுதான் தெரிந்தது. ஒற்றை மேற்கோள் போட்டால் ஷெல் கை வைக்காமல் மேக்ஃபைல் வரை போய்ச் சேரும், மேக்தான் அதை விரிக்கும்.

இந்த முறை நோ பட்டியலில் ஆவணங்கள் மட்டும்தான். லெகசியையும் திருப்பி எடுத்துக்கொண்டேன், அதற்கு அக்கா காரணம். அவளிடம் பழைய பி12 சான்றிதழ்க் கோப்பு ஒன்று, ஆர்சி2-40 என்ற பழைய சைஃபர் போட்டுப் பூட்டியது. 3.0-விலேயே லெகசி என்று தனியாகக் கேட்டால்தான் திறக்கும். போன வார பில்டில் அது அறவே திறக்கவில்லை.

இன்னொரு சில்லறைத் தொல்லை. எந்தத் தளத்தோடு இணைத்தாலும் சான்றிதழ் கொடுத்தவர் யாரென்றே தெரியவில்லை என்று 20-ஆம் எண் பிழை. ஓப்பன்எஸ்எஸ்எல்டிர் என்று நான் கொடுத்த அடைவில் சான்றிதழ் பகுதி காலி, சோர்ஸோடு எதுவும் வராது. காலி அடைவை எடுத்துவிட்டு சிஸ்டத்தின் அடைவுக்கு ஒரு லிங்க் போட்டேன். தீர்ந்தது.

மே 17, சனி

வேகம் அளக்கலாம் என்று ஏஇஎஸ்-256-ஜிசிஎம் என்ற சைஃபரை ஓட்டினேன். படுமோசம். அதே பையில் சாச்சா20-பாலி1305 என்ற இன்னொரு சைஃபர் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஓடுகிறது. லேப்டாப்பில் ஏஇஎஸ்தான் முந்தும். சரி, அசெம்பிளி இல்லாமல் பில்ட் பண்ணித் தொலைத்துவிட்டேன் போல என்று மறுபடி டம்ப். இல்லை, அசெம்பிளி சேர்ந்துதான் இருக்கிறது. கொடிகளை மாற்றி இன்னொரு பில்ட். அதே கதை. ஒரு சாயங்காலம் முழுக்க கான்ஃபிகரைச் சந்தேகப்பட்டேன்.

கடைசியில் சிபியு விவரத்தைத் திறந்து பார்த்தேன். வசதிகள் வரியில் எஃப்பி, ஏசிம்டி, சிஆர்சி32, இன்னும் ஓரிரண்டு. ஏஇஎஸ் என்ற சொல்லே இல்லை. பையின் சிப் வகையான ஆர்ம்வி8-இல் கிரிப்டோ ஆணைகள் விருப்பத்துக்கு உட்பட்டவை, பை 4-இன் சிப்பில் அவை சேர்க்கப்படவில்லை. பை 5-இல் இருக்கின்றன. என் லேப்டாப் மாதிரி இன்டெல் சிப்களில் 2010 முதலே ஏஇஎஸ்ஸுக்கென்று தனி ஆணைகள் உண்டு. அவை இல்லாத இடத்தில் ஏஇஎஸ்ஸை, ஒரே நேரத்தில் பல எண்களைக் கையாளும் நியான் என்ற பொது ஆணைகளை வைத்துச் சுற்றிச் சுற்றிச் செய்ய வேண்டும். சாச்சாவுக்கு அந்தக் கவலை இல்லை. கூட்டு, சுழற்று, எக்ஸார், அவ்வளவுதான் அதன் சமையல் குறிப்பு. எந்தச் சிப்பிலும் வேகும்.

ஓப்பன்எஸ்எஸ்எல் இதையெல்லாம் பில்ட் பண்ணும்போது முடிவு செய்வதில்லை. எல்லா வழிகளையும் உள்ளே வைத்துக்கொண்டு, ஓடத் தொடங்கும்போது சிப்பைக் கேட்டு ஒன்றைத் தேர்கிறது. ஆர்ம்கேப் என்ற சூழல் மாறிக்குப் பூஜ்யம் கொடுத்துப் பார்த்தேன், நியானையும் விட்டுவிட்டது, சாச்சாவும் தவழ ஆரம்பித்தது.

வேடிக்கை என்னவென்றால், மாடியில் வெயிலில் கிடக்கும் அந்தச் சின்ன ஈஎஸ்பி32-இல் ஏஇஎஸ்ஸுக்குத் தனி வன்பொருள் இருக்கிறது. பரணில் நிழலில் இருக்கும் பைக்கு இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

லேப்டாப்பிலும் 3.5 போட்டேன். அங்கே லைப்ரரி லிப் அடைவில் விழாமல் லிப்64-இல் விழுந்து அரைமணி நேரம் தேடவைத்தது. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் சோதனைக் கருவிகளான எஸ்_சர்வர் பையில், எஸ்_கிளையன்ட் லேப்டாப்பில். இணைப்பு வந்ததும் ஓடிய நீள விவரத்துக்குள் அந்த வரி இருந்தது: ஒத்துக்கொண்ட குழு (சாவிப் பரிமாற்ற முறை), எக்ஸ்25519எம்எல்கெம்768. எந்தக் கொடியும் கொடுக்கவில்லை, 3.5-இல் அதுவே இயல்பு.

பழைய முறையான எக்ஸ்25519 மட்டும் என்றால் கிளையன்ட் அனுப்பும் பொதுச்சாவி 32 பைட். இதில் எம்எல்கெம் பங்கு 1184 சேர்ந்து 1216 பைட். சர்வர் திருப்பி அனுப்புவது 1120. ஈதர்நெட் பாக்கெட்டே 1500 பைட்தான், முக்கால்வாசியை இந்தச் சாவி ஒன்றே அடைத்துவிடும். லேப்டாப்பின் பழைய 3.0 கிளையன்ட்டால் தட்டினால் அமைதியாக எக்ஸ்25519-க்கு இறங்கிவிடுகிறது, சண்டை போடுவதில்லை.

டேங்க் சென்சாருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. அதில் இருக்கும் எம்பெட் டிஎல்எஸ் என்ற லைப்ரரிக்கு எம்எல்-கெம் தெரியாது. மொஸ்கிட்டோவும் பழைய 3.0-விலேயே இருக்கிறது. அதையும் சோர்ஸிலிருந்து கம்பைல் பண்ணி 3.5-ஓடு இணைக்கலாம். மாடியில் இப்போது ஜவ்வரிசி வடாம் காய்கிறது, அது டப்பாவுக்குள் போகட்டும் என்று வைத்திருக்கிறேன்.