முதலில் நிறுத்தப் பழகுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பதினாறு வயதுப் பையனிடம் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பான். அப்பாவின் கப்சாயை, அதாவது கிளட்ச் லீவர் இல்லாத அந்தச் சின்ன மோட்டாரை, லயத்து வீட்டுக்கும் கோயிலுக்கும் இடையில் எப்போதோ ஓட்டிப் பழகியவன். பேலன்ஸ் வரும், கியர் மாற்ற வரும், செம்மண்ணில் சேறு தெறிக்க வளைக்கவும் வரும். தோட்டத்து வாசலைத் தாண்டி ஈப்போ–கோலகங்சார் பெரிய சாலையில் ஏறும்போதுதான் சிக்கல். அங்கே வண்டிகள் மணிக்கு 90 கிலோமீட்டரில் வரும். தோட்டத்துக்குள் 30-ஐத் தாண்டாதவனுக்கு அந்த வேகத்திலிருந்து வண்டியை நிறுத்திய பழக்கமே இருக்காது.

இன்னொரு பக்கம், சைக்கிள்கூடத் தொடாத அக்காமார், அம்மாமார். பஸ்ஸை நம்பி டவுனுக்குப் போய் வருவது பெரும்பாடு. ஒவ்வொரு தடவையும் யாரையாவது கெஞ்சிக் கூட்டிப் போகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். தயங்காமல் பழகுங்கள். உண்மையில் உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பது சுலபம். மறக்க வைக்க வேண்டிய கெட்ட பழக்கம் எதுவும் உங்களிடம் இல்லை.

அந்தக் கெட்ட பழக்கங்களில் முதலாவது, பின் பிரேக்கை மட்டும் நம்புவது. "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்" என்று வழிவழியாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். செம்மண் சாலையில் அது பாதி சரி. மண்ணில் முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி சட்டென்று சாயும். தாரில் கதை வேறு. பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன் சக்கரத்தில் போய் உட்காருகிறது, பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தை எவ்வளவு அழுத்தினாலும் அது வழுக்கும், நிற்காது.

கணக்காகவே பார்க்கலாம். 60-இல் போகும் வண்டி ஒரு விநாடியில் 17 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போவதற்கே ஏறக்குறைய அந்த ஒரு விநாடி ஆகும். அதற்குப் பிறகு, காய்ந்த தாரில் இரண்டு பிரேக்கையும் ஒழுங்காகப் பிடித்தால் சுமார் 23 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் 40 மீட்டர் வரை போகும். இதே 90 என்றால் யோசிக்கும் விநாடிக்கே 25 மீட்டர். இரண்டு பிரேக்குக்கும் இன்னும் ஐம்பது சொச்சம், பின் பிரேக்குக்கு மட்டும் தொண்ணூறை நெருங்கும். முன்னால் போகும் லோரிக்கும் உங்களுக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுகிறீர்கள் என்பதை இந்த எண்களோடு வைத்துப் பாருங்கள்.

பழகும் முறை இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆளில்லாத தார் போட்ட கார் நிறுத்துமிடம் ஒன்றைப் பிடியுங்கள். புல் திடல் வேண்டாம். மணல், சரளை இருந்தால் முதலில் கூட்டி ஒதுக்குங்கள். ஒரு கல்லை அடையாளமாக வைத்து, 20-இல் வந்து அதற்கு நேரே பிரேக். வண்டி நேராக, ஹேண்டில் நேராக, பார்வை தூரத்தில். தரையைப் பார்த்தால் தரைக்குத்தான் போவீர்கள். வலது கையின் இரண்டு விரலால் முன் லீவரை முதலில் மெதுவாக இழுங்கள். முன் ஃபோர்க் கொஞ்சம் அமுங்குவது கையிலேயே தெரியும். அமுங்கியதும் இன்னும் அழுத்துங்கள். ஈரத் துணியைப் பிழிவதுபோல, இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். அதே நேரத்தில் வலது கால் பின் பிரேக்கில் லேசாக. லீவரை ஒரே பிடியாக வெடுக்கென்று பிடித்தால், எடை முன்னால் வந்து சேரும் முன்பே சக்கரம் பூட்டிவிடும். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத கப்சாயில் பெரும்பாலானோர் விழுவது இப்படித்தான். முன் சக்கரம் பூட்டியது தெரிந்தால் உடனே விட்டு, மறுபடி மெதுவாகப் பிடிக்க வேண்டும்.

20-இல் பயமில்லாமல் வந்தால் 30, பிறகு 40. ஒவ்வொரு வேகத்திலும் கல்லைத் தாண்டி எத்தனை காலடியில் நின்றீர்கள் என்று எண்ணுங்கள். அந்த எண் குறைந்துகொண்டே வந்து ஓர் இடத்தில் நிலைக்கும். அதுவரை பெரிய சாலை வேண்டாம். லைசென்ஸ் கையில் இருந்தாலும் வேண்டாம்.

கியரிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கப்சாயில் கிளட்ச் லீவர் கிடையாது, அதனால் கிளட்சே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். கியர் பெடலை மிதித்து வைத்திருக்கும் நேரத்தில் உள்ளே கிளட்ச் விடுபட்டிருக்கும். பெடலை விட்டதும் பிடிக்கும். வேகமாக வரும்போது குதிகாலால் கியரை இறக்கி பெடலைப் பட்டென்று விட்டால் எஞ்சின் இழுவையில் பின் சக்கரம் ஒரு நொடி கத்தி வழுக்கும். மழையில் இது ஆளையே கவிழ்க்கும். பெடலை மிதித்தபடியே திராட்டலை (ஆக்சிலரேட்டரை) கொஞ்சம் கொடுத்து, பிறகு நிதானமாகக் காலை எடுங்கள். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவது இன்னொரு வழக்கம். எஞ்சின் பிடிமானம் போய்விடுவதால் முழுச் சுமையும் பிரேக்கில் விழும். டிரம் பிரேக் சூடேறி, பாதி இறக்கத்தில் பிடிப்பு குறைந்துவிடும். மிச்சமாகும் பெட்ரோல் சில காசு.

தோட்டப் பாதை தாரோடு சேரும் அந்த முகப்புதான் இந்தப் பக்கத்தில் மிக மோசமான இடம். டிராக்டர் டயர் கொண்டுவந்து கொட்டிய சேறு, சரளை, லோரியிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழங்கள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். உதிரிப் பழம் நசுங்கினால் எண்ணெய்தான்; அதன்மேல் பிரேக்கும் கூடாது, சாய்வும் கூடாது. வேகத்தை அதற்கு முன்பே குறைத்துவிட்டு, நேராக உருண்டு தாண்ட வேண்டும்.

பெரிய சாலையிலிருந்து வலது பக்கம் தோட்டத்துக்குள் திரும்புவது அதைவிடப் பயங்கரம். பின்னால் வருகிறவன் நீங்கள் மெதுவாகப் போகிறீர்கள் என்று எண்ணி வலப்பக்கமே முந்த வருவான், நீங்களும் அதே நொடியில் வலப்பக்கம் சாய்வீர்கள். குறைந்தது 100 மீட்டருக்கு முன்பே சிக்னல் போடுங்கள். பின் விளக்கு மின்னும்படி பிரேக்கை இரண்டு முறை தொடுங்கள். கண்ணாடி பாருங்கள், பிறகு தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னாலும் பாருங்கள். கண்ணாடியில் தெரியாத ஒரு துண்டு இடம் அங்கே இருக்கிறது. பின்னால் வண்டிகள் வரிசையாக வந்தால் வீராப்பு வேண்டாம். இடது ஓரம் ஒதுங்கி நின்று, இரண்டு பக்கமும் காலியான பிறகு குறுக்கே போங்கள். அரை நிமிடம் போனால் போகட்டும்.

ஓரம் என்றதும் இன்னொன்று. "மோட்டார் என்றால் ஓரமாகப் போ" என்பார்கள். ஒரேயடியாக ஓரத்தில் போனால் சரளையும் தார் உடைந்த விளிம்பும்தான் மிஞ்சும். காரின் இடது டயர் ஓடி ஓடிச் சுத்தமான தடம் ஒன்று இருக்கும், அதில் போங்கள். லோரிக்குப் பின்னால் போகும்போது அதன் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரிகிறதா பாருங்கள். தெரியவில்லையென்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. இடது பக்கம் சிக்னல் போட்ட லோரிக்கும் சாலை ஓரத்துக்கும் நடுவில் நுழையவே கூடாது. அதன் பின் சக்கரம் திரும்பும்போது அந்த இடைவெளியே மறைந்துவிடும்.

சாயங்கால மழை நம் ஊருக்குப் புதிதல்ல. முதல் பத்து நிமிடத்தில்தான் சாலை அதிகம் வழுக்கும். தாரில் ஊறிய எண்ணெயும் புழுதியும் அப்போது மேலே மிதக்கும். முடிந்தால் அந்த நேரம் ஒரு பஸ் நிறுத்தத்தில் ஒதுங்குங்கள், பாலத்துக்கு அடியில் சாலையை ஒட்டி நிற்காதீர்கள். வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, பாலத்தின் இரும்பு இணைப்பு மூன்றின் மேலும் வண்டி நிமிர்ந்தே போகட்டும். மழைக்கோட்டு சட்டை–கால்சட்டையாக இருக்க வேண்டும். போர்வை மாதிரி மேலே போர்த்தும் வகை காற்றில் தூக்கி முகத்தை மூடும், சக்கரத்திலும் மாட்டும். இதே காரணத்துக்காக, கோயிலுக்குப் புடவையில் பின்னால் உட்காரும் அம்மாவின் முந்தானை, பிள்ளைகளின் துப்பட்டா இரண்டையும் கிளம்பும் முன் இழுத்துச் செருகுங்கள். செயின் கவரைக் கழற்றிப்போட்ட வண்டியில் துணி மாட்டினால் ஆளையும் சேர்த்து இழுத்துக் கீழே தள்ளும்.

இந்த நாட்டில் சாலை விபத்தில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரில் போனவர்கள். தலைக்கவசம் 1973 முதல் சட்டம், பகலிலும் முன் விளக்கு எரிய வேண்டும் என்பது 1992 முதல். இன்னமும் தோட்டத்துக்குள் ஹெல்மெட் கூடையில்தான் பயணம் செய்கிறது. வாங்கும்போது சிரிம் தரச்சான்று முத்திரை பாருங்கள். புருவத்துக்குச் சற்று மேலே நாடாவால் தலையைச் சுற்றி அளந்தால் பெரும்பாலும் 57–58 சென்டிமீட்டர் எம் அளவு, ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாட்டியதும் கன்னம் இறுக வேண்டும். வாரைப் போட்டு, பின்பக்கத்திலிருந்து மேலே தூக்கிப் பாருங்கள்; கழன்று வந்தால் அது உங்களுக்கானது அல்ல. தாடைக்கடியில் இரண்டு விரல் மட்டும் நுழையட்டும். ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும், மாற்றிவிடுங்கள். கறுப்புக் கண்ணாடி ராத்திரிக்கு ஆகாது. காலுக்குச் செருப்பைவிட, மரம் சீவப் போகிறவர்கள் போடும் அந்த அடிடாஸ் கம்போங் ரப்பர் ஷூ எவ்வளவோ மேல். விரல்களையாவது மூடும்.

லைசென்ஸ் விஷயம் சுருக்கமாக. பி2 என்ற மோட்டார் லைசென்ஸுக்கு 16 வயது போதும், 250 சிசி வரை ஓட்டலாம். முதலில் வகுப்பு, பிறகு கணினித் தேர்வு. 50 கேள்வியில் 42 சரியாக இருக்க வேண்டும். எல் லைசென்ஸ் (பழகுநர் லைசென்ஸ்) கிடைத்து, பயிற்சி முடித்து, திடலில் தேர்வு. எல் ஓட்டும் காலத்தில் பின்னால் ஆள் ஏற்றக் கூடாது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் பி, அதாவது சோதனைக்கால லைசென்ஸ். குறுகிய பலகை மேல் மெதுவாகப் போகும் சோதனையில்தான் தோட்டத்துப் பிள்ளைகள் தோற்கிறார்கள், வேகம் இல்லாமல் ஓட்டிப் பழகவில்லை என்பதால். முதல் கியர், கொஞ்சம் திராட்டல், பின் பிரேக்கைத் தொட்டபடி, கண் பலகையின் கடைசியில். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கை கொடுக்காது. 150 சிசி வரை சாலை வரி வருடத்துக்கு 2 வெள்ளிதான் (ரிங்கிட்), அதை விட்டுவிட எந்தக் காரணமும் இல்லை. பணம்தான் தடை என்றால், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான மைலெசன் திட்டம் திறந்திருக்கிறதா என்று ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கவுண்டரில் கேளுங்கள்.

வண்டி பராமரிப்பில் வாரத்துக்குப் பத்து நிமிடம் போதும். பெட்ரோல் நிலையத்துக் காற்று இயந்திரம் கிலோபாஸ்கலில் காட்டும். 17 அங்குலச் சக்கரக் கப்சாய்க்குப் பொதுவாக முன் 200, பின் 225, ஆள் ஏற்றினால் பின் 280. வண்டியில் ஒட்டியிருக்கும் அட்டையோடு ஒத்துப் பாருங்கள். செயினின் கீழ்ப்பக்கம் நடுவில் விரலால் தள்ளினால் 25 முதல் 35 மில்லிமீட்டர் ஆட வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் கழன்று பின் சக்கரத்தைப் பூட்டும், இறுக்கமாக இருந்தால் பேரிங் சீக்கிரம் போகும். எஞ்சின் எண்ணெய் டப்பாவில் மோட்டாருக்கான தரக்குறி ஜாசோ எம்ஏ என்று இருக்கட்டும். கார் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். டிரம் பிரேக்கில் பிரேக் பிடித்தபடி பக்கத்து அம்புக்குறியைப் பாருங்கள். எதிரே உள்ள கோட்டைத் தொட்டுவிட்டால் பிரேக் ஷூ முடிந்தது. "நட்டை முறுக்கினால் போதும்" என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள்.

அழகுக்காக ஒல்லி டயர் போடுவது, கண்ணாடியைக் கழற்றுவது, இரண்டைப் பற்றியும் வாதாட எனக்குப் பொறுமை இல்லை. செய்யாதீர்கள்.

கொஞ்சம் நம்பிக்கை வந்ததும் எல்லோருக்கும் ஈப்போ போக ஆசை வரும். சிம்மோர் வழியாகப் பழைய சாலையில் போங்கள், விடிந்த பிறகு, மழை இல்லாத நாளில். மோட்டாருக்கு டோல் இல்லை என்பதற்காக நெடுஞ்சாலையில் ஏறும் யோசனையைச் சில மாதம் தள்ளி வையுங்கள். கோலகங்சார் பக்கமிருந்து வந்தால் மெனோரா சுரங்கத்தைத் தாண்டியதும் ஜெலாப்பாங் நோக்கி நீண்ட இறக்கம், வளைவோடு. பாரம் ஏற்றிய லோரிகள் பிரேக் சூடேறி இறங்கும் இடம் அது. கப்சாயில் அங்கே போவதென்றால் இறக்கம் தொடங்கும் முன்பே ஒரு கியர் குறைத்து, இடது தடத்தில், பின்னால் வரும் லோரியைக் கண்ணாடியில் அடிக்கடி பார்த்தபடி இறங்குங்கள். அவன் நெருங்கி வந்தால் வேகத்தைக் கூட்டித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அவன் முந்திப் போக இடம் விடுங்கள்.