ஜாக் லெவீன்: தூரிகையால் கிண்டலடித்தவர்

1915-ல் பாஸ்டனில் லித்துவேனிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அமெரிக்க ஓவியர் ஜாக் லெவீன். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், ஓவியர்களுக்கு அரசே சம்பளம் கொடுத்த திட்டத்தில் வேலை பார்த்தார். அங்கே 1937-ல் வரைந்ததுதான் 'தூய பகுத்தறிவின் விருந்து'. ஒரு போலீஸ்காரர், ஒரு அரசியல்வாதி, ஒரு பணக்காரர், மூவரும் ஒரே மேசையில். ஊழல் என்று எங்கேயும் எழுதவில்லை. அந்தச் சதைப்பிடிப்பான முகங்களே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

அவர் கையாண்ட உத்தியைக் கவனியுங்கள். உடலுக்குப் பொருந்தாத அளவுக்குத் தலையைப் பெரிதாக்குவார், உருவங்களை நீட்டி வரைந்த பழைய ஓவியர் எல் கிரெக்கோவைப் போல உருவத்தை வளைப்பார். ஆனால் கண், வாய், விரல் எல்லாம் கூர்மையாக இருக்கும். மிகைப்படுத்தல் அளவு மீறினால் வெறும் கார்ட்டூனாகிவிடும். லெவீன் அந்த எல்லையைத் தாண்டாததற்குக் காரணம், டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வழியில் வந்த அவரது ஒளியும் நிழலும்தான். எண்ணெய் வண்ணத்தில் அடுக்கடுக்காகப் பூசுபவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: எண்ணெய் குறைந்த அடுக்கு கீழே, அதிகமானது மேலே. மாற்றிப் பூசினால், மேல் அடுக்கு முதலில் காய்ந்து பிறகு வெடிக்கும்.

ராணுவத்திலிருந்து திரும்பியதும், 1946-ல், விருந்தில் மென்றுகொண்டிருக்கும் தளபதியை வரைந்தார்: 'வீட்டுக்கு நல்வரவு'. 1959-ல் மாஸ்கோ கண்காட்சிக்கு அது போனபோது அமெரிக்க அதிபர் ஐசனோவரே முகம் சுளித்தார். ஆனாலும் படத்தை அகற்றவில்லை. உருவங்களே இல்லாமல் வரையும் அருவ ஓவிய அலை வந்து பலரும் மாறியபோதும் இவர் மனித முகத்தை விடவில்லை. அதற்காகவே எனக்கு அவர் மேல் தனி மரியாதை. 2010-ல், 95 வயதில் நியூயார்க்கில் காலமானார். அவரது 'கேங்ஸ்டரின் இறுதிச் சடங்கு' ஓவியம் அங்கே விட்னி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.