ஒரே சாம்பல் அடுக்கு, இரண்டு வயது

பாறைக்கு வயது சொல்லும் முறைகளில் எனக்குப் பிடித்தது அணுப்பிளவுத் தடங்களை எண்ணுவதுதான். இதில் சான்றை நம் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஆய்வு மாணவனாக இருந்தபோது பகல் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் குனிந்து எண்ணியிருக்கிறேன். கழுத்து வலிக்கும், அலுப்பு மட்டும் வந்ததில்லை.

யுரேனியம்-238 பெரும்பாலும் ஆல்ஃபா துகளை உமிழ்ந்தே சிதைகிறது. ஏறக்குறைய இருபது லட்சம் சிதைவுகளில் ஒன்றில்தான் அணு தானாகவே இரண்டாகப் பிளக்கும். துண்டுகள் எதிரெதிராகப் பாய்ந்து படிகத்துக்குள் ஒரு சேதக் கோட்டை விட்டுச்செல்லும். அபடைட் என்ற கனிமத்தில் அதன் நீளம் சுமார் 16 மைக்ரான். நைட்ரிக் அமிலத்தில் 20 விநாடி வைத்தால், சேதமான இடம் வேகமாக அரிபட்டுத் தடம் கண்ணுக்குத் தெரியும். ஜிர்கான் என்ற கனிமம் அவ்வளவு சுலபமாக மசியாது. 200 டிகிரிக்கு மேல் உருகிக் கிடக்கும் காரத்தில் மணிக்கணக்காக ஊற வேண்டும்.

காலம் ஆக ஆகத் தடங்கள் கூடும். ஆனால் வயது சொல்லத் தடங்களின் எண்ணிக்கை மட்டும் போதாது, யுரேனியம் எவ்வளவு என்றும் தெரிய வேண்டும். படிகத்தின் மேல் யுரேனியம் மிகக் குறைந்த காக்காப்பொன் தகடு ஒன்றை ஒட்டி அணு உலைக்குள் அனுப்புவோம். நியூட்ரான் பட்டு யுரேனியம்-235 பிளக்கும்போது, தகட்டில் புதுத் தடங்கள் பதியும். படிகத்தின் எந்த மூலையில் யுரேனியம் கூடுதல் என்பதுகூட அதில் தெரிந்துவிடும்.

இந்த முறையின் பலமும் ஆபத்தும் ஒருசேரத் தெரிந்த இடம் கென்யாவின் துர்க்கானா ஏரிக்கரை. அங்கே கேபிஎஸ் என்ற எரிமலைச் சாம்பல் அடுக்குக்கு, பொட்டாசியம் சிதைந்து உண்டான ஆர்கானை அளக்கும் பொட்டாசியம்-ஆர்கான் முறையின் ஒரு வகையில் முதலில் வெளியிடப்பட்ட வயது 26 லட்சம் ஆண்டு. 1972இல் அந்த அடுக்குக்குக் கீழிருந்து 1470 என்ற எண் கொண்ட மண்டையோடு கிடைத்ததும், மனித இனத்தின் வரலாறே அடுக்கின் அந்த வயதில் தொங்கியது. பன்றிப் புதைபடிவங்களோ, அடுக்கு இன்னும் இளையது என்றன. 1975இல் கர்டிஸ் குழு 18 லட்சம், 16 லட்சம் என்று இரண்டு வயது சொன்னது. மறு ஆண்டே ஹர்ஃபோர்ட், கிளீடோ, நேசர் மூவரும் ஜிர்கான் தடங்களை எண்ணி 24.4 லட்சம் என்றார்கள். பழைய வயதுக்குத் தனியாக ஒரு சாட்சி கிடைத்துவிட்டதாகத் தோன்றியது.

1980இல் அதே கிளீடோ மீண்டும் ஜிர்கான்களை எடுத்து எண்ணினார். வந்தது 18.7 லட்சம். மெக்டூகல் பொட்டாசியம்-ஆர்கான் முறையில் செய்த புது அளவீடும் அதோடு ஒத்துப்போனது. தன் பெயரில் வெளிவந்த வயதைத் தானே மாற்றி வெளியிட்ட அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

எண்ணுவதில் தவறு நேர இடமுண்டு. இளம் ஜிர்கானில் தடங்கள் குறைவு. படிகமும் எல்லாத் திசையிலும் ஒரே வேகத்தில் அரிபடாது. எது தடம், எது படிகக் குறை, எது மெருகேற்றும்போது விழுந்த கீறல் என்று பிரிப்பதில் ஒவ்வொரு முடிவும் வயதை நகர்த்தும்.

இப்போது லேசரால் ஆவியாக்கி யுரேனியத்தை அளக்கிறார்கள், உலைக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. நல்ல முன்னேற்றம். ஆனாலும் என்னிடம் கற்க வருபவர்களை முதலில் மெக்சிகோவின் டுராங்கோ அபடைட்டைத்தான் எண்ணச் சொல்கிறேன். அதன் வயது சுமார் 3.1 கோடி ஆண்டு என்பது ஏற்கெனவே தெரிந்தது. அந்த எண் கைக்கு வரும்வரை புது மாதிரி எதையும் அவர்களிடம் தருவதில்லை.