முழு நைட் வாரத்துக்கு ஒரு வரிசை

கோவைப் பக்கத்து நூற்பாலைகளில் ஒரு நாள் மூன்று ஷிப்டாகப் பிரிந்து கிடக்கும். எங்கள் மில்லில் பகல் ஷிப்ட் காலை 8 மணியிலிருந்து 4.30 வரை. அங்கிருந்து இரவு 1 மணி வரை அரை நைட். 1 மணிக்கு ஏறி காலை 8 மணிக்கு இறங்குவது முழு நைட். வாரம் ஒருமுறை ஷிப்ட் மாறும். ஸ்பின்னிங் சூப்பர்வைசராக இருபது வருஷத்துக்கு மேல் இந்தச் சுழற்சியில்தான் இருக்கிறேன். அதிகாலை 5 மணிக்கு எழு, இரவு 10 மணிக்குப் படு என்று மணியை வைத்துச் சொல்லும் எந்த ஒழுங்கும் எங்களுக்கு மூன்று வாரத்தில் ஒரு வாரம்தான் பொருந்தும். மற்ற இரண்டு வாரத்துக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

இத்தனைக்கும் மில்லுக்குள்ளே எல்லாவற்றுக்கும் ஒழுங்கு உண்டு. நூலை முறுக்கிச் சுற்றும் ஸ்பிண்டில்கள் நிமிஷத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் ஓடுகின்றன. காற்றின் ஈரப்பதம் ஐம்பத்தைந்து, அறுபது சதவீதத்தில் நிற்க வேண்டும். இறங்கினால் இழை பட்பட்டென்று அறும், ஏறினால் ரோலரில் பஞ்சு சுற்றிக்கொள்ளும். நூல் சுற்றும் குழலைக் காப் என்போம்; அது நிறைந்ததும் கழற்றி எடுத்தாக வேண்டும், அதுதான் டாஃப். அடுத்து என்ன என்ற கேள்வியே அங்கே எழாது. கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும் அந்தப் பிடிமானம் போய்விடும். காலை 8 மணிக்கு ஊரே வேலைக்குக் கிளம்பும், நாம் எதிர்த்திசையில் வருவோம். பசியா தூக்கமா என்று உடம்புக்கே தெரியாது. சிலர் டீக்கடையில் உட்கார்ந்து பேசிப் பேசியே பதினொரு மணி ஆக்கிவிடுவார்கள். பிறகு படுத்தால் சாயங்காலம் தலைவலியோடுதான் எழ வேண்டும்.

பழைய மேஸ்திரி ஒருவர் எனக்குக் காட்டிய வழி எளிமையானது. அவர் மணி பார்க்கமாட்டார், வரிசை மாற்றமாட்டார். எந்த ஷிப்டாக இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் குளியல், கொஞ்சம் சாப்பாடு, தூக்கம், எழுந்ததும் வெயிலில் ஒரு நடை, தனக்கென்று ஒரு வேலை, வீட்டாரோடு ஒரு வேளைச் சோறு, அப்புறம் மில். நானும் அதையே எடுத்துக்கொண்டு எனக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டேன்.

முழு நைட் வாரத்தில் அது இப்படி ஓடும். எட்டரைக்கு வீடு. தலைமுடியிலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். தலைக்குக் குளித்தால்தான் போகும். ரெண்டு இட்லி, அதற்கு மேல் கிடையாது. டீயும் கிடையாது, ஏனென்றால் டீ குடித்துவிட்டுப் படுத்தால் தூக்கம் ஒட்டாது. ஜன்னலில் ஒரு பழைய பவானி ஜமுக்காளத்தை மடித்து மாட்டியிருக்கிறேன், வெளிச்சம் துளிகூட வராது. ஒன்பதரைக்குப் படுத்தால் இரண்டு மணிக்கு விழிப்பு. மீதித் தூக்கத்தை இரவு ஒன்பது மணிக்குமேல் எடுத்துக்கொள்வேன், பன்னிரண்டு மணிக்கு அலாரம். இரண்டு துண்டாகத் தூங்குவதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. 1 மணிக்கு ஏறுகிறவனுக்கு, ஏறுவதற்குச் சற்று முன்னால் கிடைக்கும் அந்தத் தூக்கம்தான் விடியற்காலையில் கை கொடுக்கும்.

அந்த விடியற்காலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றிலிருந்து ஐந்து மணிவரை உடம்புச் சூடு மிகவும் இறங்கியிருக்கும், கண் தானாகச் சொக்கும். புரொடக்‌ஷன் கணக்கு எழுதுவது போன்ற உட்கார்ந்து செய்யும் வேலையை அந்த நேரத்தில் நான் வைத்துக்கொள்வதே இல்லை. அதை ஏறியவுடன் முடித்துவிட்டு, மூன்று மணிக்குமேல் நூற்கும் மெஷின்களை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்துக்கொண்டு நடப்பேன். அறுந்த இழையை, ஃப்ரேமைக் கவனிக்கும் தொழிலாளியான சைடரோடு சேர்ந்து நானும் பிணைப்பேன்.

ஷிப்ட் மாறும்போது அடுத்தவருக்காக நோட்டில் எழுதிவைப்பது எங்கள் வழக்கம்: எந்த ஃப்ரேம் நிற்கிறது, எதில் நூலின் பருமனைச் சொல்லும் கவுண்டை மாற்ற வேண்டும், எதில் இழை அறுவது அதிகம். அதே மாதிரி எனக்கென்று ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். கேட்டைத் தாண்டுவதற்கு முன்னால் மனசில் உறுத்துவதை இரண்டு மூன்று வரி எழுதிவிடுவேன். "ஏழாம் நம்பர் சத்தம், ஃபிட்டரிடம் கேள்." "லோன் பேப்பர், வியாழன்." எழுதிவிட்டால் மெஷின் சத்தம் தலைக்குள் ஓடுவது நிற்கிறது. என் தூக்கத்துக்கு ஜமுக்காளத்தைவிட அந்த நோட்டு செய்த உதவி அதிகம்.

இதில் பாதி என் கையில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். குக்கர் விசில் நான் தூங்கப்போகும் முன்பே அடங்கிவிடும்படி என் மனைவி சமையலை மாற்றிக்கொண்டாள். பழைய இரும்பு வாங்குகிறவர் மைக் போட்டுக்கொண்டு வந்தால் எதிர்வீட்டு அக்கா கையைக் காட்டி நிறுத்திவிடுவார். ஒருவன் பகலில் தூங்க, ஒரு வீடும் ஒரு தெருவும் ஒத்துழைக்க வேண்டியிருக்கிறது.

உடம்புக்குள் ஓடும் கடிகாரம் எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடித்ததற்காக 2017இல் ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கு மருத்துவ நோபல் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமாக ஓடுகிறது. அதனால் தாமதமாகத் தூங்குவது எளிது, சீக்கிரம் தூங்குவது கடினம். பகல், அரை நைட், முழு நைட் என்று முன்னோக்கி மாறினால் உடம்பு தாங்கும். தலைகீழாக மாற்றினால் திணறும். ஷிப்ட் போடும் இடத்தில் இருப்பவர்கள் இந்த ஒன்றையாவது தயவுசெய்து கவனியுங்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007லேயே இரவு ஷிப்ட் வேலையைப் புற்றுநோய் வரச் சாத்தியமுள்ளவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. இது சோம்பேறிகளின் புகார் இல்லை.

முன்னோக்கி மாறினாலும் ஒரு ஞாயிறு மட்டும் கஷ்டம்தான், முழு நைட்டிலிருந்து பகலுக்கு வரும் ஞாயிறு. அன்று காலை இரண்டு மூன்று மணி நேரத்துக்குமேல் தூங்கமாட்டேன். எழுந்து வெயிலில் சந்தைக்குப் போவேன், பிள்ளைகளோடு இருப்பேன், ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுவேன். கல்யாணம், காதுகுத்து வந்தால் இதெல்லாம் குலைந்துபோகும். சரி, போகட்டும். எந்த மணி தப்பினாலும், வீட்டுக்கு வந்து குளிப்பதிலிருந்து வரிசையை மறுபடி ஆரம்பிக்கலாம்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், "ஏனுங்ணா, பகல்ல தூக்கமே வரமாட்டேங்குதுங்க" என்றான். படுத்துக்கொண்டு போன் பார்க்கிறானாம். "தூக்கத்த விடு கண்ணு, குளிச்சதும் என்ன செய்யறதுன்னு முதல்ல ஒண்ண முடிவு பண்ணு" என்றேன். கொஞ்ச நாள் கழித்து வந்து சொன்னான்: குளித்ததும் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு போன், பேசி முடித்ததும் அந்த போனை ரூம் நண்பனின் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறானாம். என் வரிசையில் இல்லாத ஒன்று. அவனுக்கு அது ஒத்துவருகிறது. திங்கட்கிழமை பகல் ஷிப்டுக்கு மாறுகிறான். ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிப்பது என்று இனிமேல்தான் அவனிடம் பேச வேண்டும்.