எந்த ஊருன்னு கேட்டு எழுதுங்கப்பா

ஆடி அமாவாசைக்கு மறுநாள் ராமேஸ்வரத்திலிருந்து மேலே ஒரு அறிக்கை போகும். வாந்தி பேதி இத்தனை பேர், காய்ச்சல் இத்தனை, மயக்கம் இத்தனை, கடைசியில் ‘தொற்றுநோய் எதுவும் இல்லை’. சுகாதார ஆய்வாளரா நானும் அதை வருஷா வருஷம் எழுதுறவன்தான். அந்தக் கடைசி வரி மட்டும் கொஞ்சம் உறுத்தும்.

வர்றவங்க விடிகாலையில் அக்னி தீர்த்தத்தில் முங்கி, தர்ப்பணம் கொடுத்து, கோயிலுக்குள்ள 22 தீர்த்தமும் ஆடி, துணி மாத்தி சாமி கும்பிட்டு, கிடைச்ச இடத்தில் சாப்பிட்டு, சாயங்காலம் வண்டி ஏறிடுறாங்க. காலரா வெளியே தெரிய சில மணி நேரமும் ஆகலாம், 5 நாளும் ஆகலாம். டைபாய்டுக்குப் பொதுவா 1 முதல் 3 வாரம். ஹெபடைடிஸ் ஏ காமாலைன்னா 15 நாளிலிருந்து 50 நாள் வரை. அன்னைக்கு எங்க மேஜைக்கு வர்றது வெயில் மயக்கமும், படியில் வழுக்கின காயமும், பிரஷர் மாத்திரையை வீட்டிலேயே விட்டுட்டு வந்த பெரியவங்களும்தான். கிருமியை வாங்கினவர் நல்லாத்தான் ஊர் போய்ச் சேருவார்.

தண்ணியிலயும் இதே தொல்லை. லாரித் தண்ணியைச் சின்னக் குழாயில் பிடிச்சு ஓ.டி.ங்கிற சோதனைக் கரைசலை விட்டா, குளோரின் இருந்தா அப்பவே மஞ்சள் ஏறும். சாதாரண நாளில் வீட்டுக் குழாயில் குளோரின் 0.2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருந்தா போதும். கூட்ட நாளில் 0.5-க்குக் குறைஞ்சா நான் லாரியை விடறதில்லை. “காலையிலயே பவுடர் போட்டாச்சு சார்”னு டிரைவர் முறைப்பார். போட்டிருப்பார், நான் இல்லைங்கலை. வெயில்ல நின்ன டேங்கில் அது எவ்வளவு நேரம் தாங்கும்? ஆனா மலக்கிருமி கலந்திருக்கான்னு காட்டுற எச்2எஸ் பாட்டில் கறுக்க 24 முதல் 48 மணி நேரம் ஆகும். அதுக்குள்ள குடிச்சவர் விழுப்புரம் தாண்டியிருப்பார்.

அதனால எங்க ரிஜிஸ்டரை விட, கட்டணக் கழிப்பறை வாசலில் காசு வாங்குற அக்காவை நான் அதிகம் நம்புவேன். ஒரு வருஷம் அவங்கதான் கூப்பிட்டுச் சொன்னாங்க: “சார், ஒரே பஸ்ஸு ஆளுக, திரும்பத் திரும்ப வர்றாக. மொகமே சரியில்ல, என்னான்னு பாருங்க.” தேடிப் போனா, முந்தின நாள் ஊர்லயே கட்டிக்கிட்டு வந்த சாம்பார் சாதம். தூக்கு மூடியைத் திறந்ததுமே புளிச்ச வாடை. மிச்சத்தைக் கொட்டச் சொல்லி, ஓஆர்எஸ் கரைச்சுக் கொடுத்து, டிரைவர் நம்பரை வாங்கி அவங்க மாவட்டத்துக்கு போன் போட்டோம். எங்க மருத்துவ முகாமுக்கு அந்த பஸ்ஸிலிருந்து ஒருத்தர்கூட வரலை. லாட்ஜில் ரூம் கூட்டுற பையன், மெடிக்கல் கடைக்காரர், இவங்களும் எனக்கு அக்கா மாதிரித்தான்.

ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு திருவிழா வேற கணக்கு. அங்கே நாள்கணக்கில் தங்குறவங்க உண்டு. வாங்கின நோய் அங்கேயே தலைகாட்டும், பக்கத்தில் தங்கினவருக்கும் தாவும். இடம் இடமா நடந்து போய்க் கேட்டா ஆளைப் பிடிச்சிடலாம். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் குடிதண்ணியைக்கூட இங்கிருந்துதான் கொண்டு போகணும். ஆனா படகு ஏறும்போதே பேரும் ஊரும் பட்டியலில் இருக்கு. ஒருத்தருக்குப் பேதின்னா கூடப் போனவங்களைத் தேடுறது சின்ன வேலை. ராமேஸ்வரத்தில் அந்தப் பட்டியல் ஏது?

வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டத்துக்குப் போன சனங்களை மண்டபம் கேம்ப்பில் நிறுத்தி வச்சு, காலரா, பிளேக் இல்லைன்னு பார்த்துத்தான் அனுப்பினாங்க. அமாவாசைக்கு வந்தவங்களை அப்படி நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. அவங்க பின்னாலேயே தகவல்தான் போகணும். இப்ப ஐஹெச்ஐபின்னு நோய்க் கணக்கு ஏத்துற அரசு இணையதளம் வந்து தினமும் கம்ப்யூட்டரில் ஏத்துறோம், நல்லதுதான். ஆனா நோய், ஆள் படுத்திருக்கிற ஊர்க் கணக்கில்தான் ஏறும். பத்து நாள் முன்னாடி ராமேஸ்வரம் போனாருன்னு யாராவது கேட்டு எழுதினாத்தானே எங்களுக்குத் தெரியும்?

எங்க பக்கமும் ஒழுங்கில்லை. முகாமில் உட்கார்ற பிள்ளைக பேர், வயசு, கொடுத்த மாத்திரை எல்லாம் எழுதிட்டு ஊர்க் கட்டத்தில் ‘வெளியூர்’னு போட்டுடுதுக. கூட்டம் நெருக்குது, பாவம்தான். நான் விடறதில்லை. மாவட்டமும் போன் நம்பரும் வாங்கு, மத்ததை நான் பார்த்துக்கிறேன்னு சொல்லிடுவேன்.

இந்த வருஷம் வர்றவங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கிறேன். ஊர் திரும்பின கொஞ்ச நாள்ல பேதியோ காய்ச்சலோ காமாலையோ வந்தா, டாக்டர் கேட்காட்டியும் நீங்களே சொல்லுங்க: எந்தத் தேதி வந்தீங்க, எங்கே சாப்பிட்டீங்க, கூட வந்தவங்க வேற யாருக்கும் இருக்கா.