கூபேக்குப் பம்பர் தேடிய நாட்கள்

ஜனவரி 11

கூபே இன்று முதன்முறையாகத் தன் நான்கு சக்கரங்களில் நின்றது. இரண்டு வருடமாக ஸ்டாண்டுகள் மேல் கிடந்த வண்டி. ஜாக்கை இறக்கி, கராஜ் கதவைத் திறந்து, தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன்.

புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு ஒரு சுருக்கம். உடல் 1930 ஃபோர்டு மாடல் ஏ கூபே, அதாவது இரண்டு கதவுக் கார். சேசிஸ் 1932 ஃபோர்டு. முன்னால் 1932-இன் கிரில் ஷெல், ரேடியேட்டரைச் சுற்றி வரும் முகப்பு. எஞ்சின் 1946 முதல் 48 வரை ஃபோர்டு போட்ட ஃபிளாட்ஹெட் வி8, 239 கன அங்குலம், புதிதாக இருந்தபோது 100 குதிரைத்திறன். மட்கார்டு நான்கும் கிடையாது. அறுபதுகளுக்குப் பிறகு வந்த எதுவும் வண்டியில் தெரியக்கூடாது என்பதுதான் எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. வேகத்துக்காகப் பழைய காரைக் கழற்றி மாற்றிக் கட்டுவது ஹாட் ராட். பாரம்பரிய ஹாட் ராட் என்று இங்கே கலிஃபோர்னியாவில் சொல்வது இந்த மாதிரி வண்டியைத்தான்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் நாயோடு வந்தவர் நின்றார். லேத் பட்டறையில் வாழ்நாளைக் கழித்தவர், எண்பதைத் தாண்டிவிட்டார். வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: பம்பர் என்ன போடப் போகிறாய்?

ஒன்றும் போடப் போவதில்லை என்றேன். சிரித்துக்கொண்டே பெட்ரோல் டாங்கியை விரலால் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

ஜனவரி 19

அந்தத் தட்டு ஒரு வாரமாக மண்டைக்குள் கேட்கிறது.

மாடல் ஏ-யில் பெட்ரோல் டாங்கி டேஷ்போர்டுக்கு முன்னால், கவுலுக்குள், அதாவது முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள உடல் பகுதிக்குள் இருக்கும். நான் அதைக் காலி செய்துவிட்டு 1932 டாங்கியைப் போட்டிருக்கிறேன். அது வண்டியின் கடைசிக் கோடியில், சேசிஸின் இரண்டு கால்களுக்கு நடுவே, வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறது. பின்னால் வருபவர் சிக்னலில் போனைப் பார்த்துக்கொண்டு லேசாக இடித்தால் முதலில் நசுங்குவது பத்து காலன் பெட்ரோல்தான்.

சட்டத்தையும் படித்தேன். கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 28071-ஆம் பிரிவு, இங்கே பதிவான பயணிகள் வண்டிக்கு முன்னும் பின்னும் பம்பர் வேண்டும் என்கிறது. விதிவிலக்கும் உண்டு. முதன்முதலில் விற்றுப் பதிவானபோதே பம்பர் இல்லாமல் இருந்த வண்டிக்கு இது பொருந்தாது.

இங்கேதான் சுவாரஸ்யம். மாடல் ஏ காலத்து ஃபோர்டு விளம்பரங்களின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி வரும்: பம்பருக்கும் ஸ்பேர் டயருக்கும் தனிக் காசு. அப்படியானால் என் கூபே 1930-இல் பம்பர் இல்லாமலே கடையை விட்டு வந்திருக்கலாம். வாங்கியவர் கஞ்சராக இருந்திருந்தால் எனக்கு நல்லது. ஆனால் அவர் கஞ்சர் என்பதை நான் எந்தப் போலீஸ்காரருக்கு நிரூபிப்பது?

பிப்ரவரி 2

வண்டியோடு வந்த அசல் மாடல் ஏ பம்பரைப் பரணிலிருந்து இறக்கினேன். ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் ஸ்டீல் பட்டைகள், நடுவில் கிளாம்ப், இரு முனையிலும் பெரிய உருண்டை மூடி போட்ட போல்ட். பின்னால் போடுவது இரண்டு துண்டாக இருக்கும், நடுவில் ஸ்பேர் டயருக்கு இடம் விட்டு.

கயிறு கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். எனக்குப் பிடித்த பம்பர் இது, மறைக்க மாட்டேன். முழு மட்கார்டோடு நிற்கும் மாடல் ஏ-க்கு அதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. ஆனால் மட்கார்டு போன பிறகு அந்த நீளத்துக்கு வேலையே இல்லை. பட்டை டயரைத் தாண்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதைத் தாங்கும் கைகளும் மட்கார்டின் மூக்கைத் தாண்டி நிற்பதற்காக நீளமாகச் செய்யப்பட்டவை. வீட்டை இடித்த பிறகு திண்ணை மட்டும் தனியாக நின்றால் எப்படி இருக்கும், அப்படி.

மனைவி காபியோடு வந்தவள், "என்னங்க, மீசை ஒட்டி விட்டிருக்கீங்க?" என்றாள். இறக்கிவிட்டேன்.

பட்டையை நடுவில் வெட்டிக் குறுக்கிப் பற்ற வைக்கலாமே என்று கேட்பீர்கள். ஸ்பிரிங் ஸ்டீலில் கார்பன் அதிகம். சாதாரண இரும்பைப் பற்ற வைப்பது போல வைத்தால், பற்றுக்குப் பக்கத்தில் உள்ள இரும்பு திடீரென்று குளிர்ந்து கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். முதலில் சூடேற்றி, பிறகு மெல்ல ஆறவிட வேண்டும். அதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நான் அவர்களில் ஒருவன் இல்லை. அதோடு தொண்ணூறு வருடம் பிழைத்த பட்டையை வெட்ட மனசும் வரவில்லை.

பிப்ரவரி 16

மழை, கராஜில் வேலை இல்லை. பழைய ஏரிப் பந்தயப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவை தண்ணீர் இல்லாத ஏரிகள், மோஹாவி பாலைவனத்தில் காய்ந்து பாளமாகக் கிடக்கும் களிமண் தரை. தெற்கு கலிஃபோர்னியா டைமிங் சங்கம் 1937-இல் உருவாகி, 1938-இல் மியூரக் ஏரியில் முதல் பந்தயம் நடத்தியது. மியூரக்கைப் பிறகு ராணுவம் எடுத்துக்கொண்டது, இன்றைய எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் அங்கேதான் இருக்கிறது. எல் மிராஜ் என்ற இன்னொரு காய்ந்த ஏரியில் இன்றும் ஓட்டுகிறார்கள்.

அந்தப் படங்களில் முன்பக்கம் பம்பரைத் தேடினால் கிடைக்காது. வாரம் முழுக்க வேலைக்கு ஓட்டிய அதே வண்டியை ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு ஓட்டிப் போய், மட்கார்டு, கண்ணாடி, விளக்கு, பம்பர் எல்லாவற்றையும் அங்கேயே கழற்றிக் குவித்துவிட்டு ஓடுவார்கள். சாயங்காலம் எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக்கொண்டு வீடு வந்து சேருவார்கள். எடை குறையும், காற்றும் குறைவாகத் தடுக்கும், அவ்வளவுதான் காரணம். அழகுக்காக யாரும் கழற்றவில்லை. கழற்றிய வண்டியின் அழகு பிறகுதான் கண்ணுக்குப் பழகியிருக்க வேண்டும்.

பின்பக்கத்தை அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். பல வண்டிகளில் குறுக்கே ஒரு குழாய். பந்தய வண்டியை இன்னொரு லாரியோ காரோ பின்னாலிருந்து தள்ளித்தான் கிளப்புவார்கள். கியர் உயரமாக இருப்பதால் நின்ற இடத்திலிருந்து தானாகக் கிளம்புவது அதற்குக் கஷ்டம். தள்ளுகிற வண்டி வந்து முட்ட ஒரு இடம் வேண்டும், அந்த இடம்தான் இந்தக் குழாய். சின்ன மிட்ஜெட் பந்தய வண்டிகளில் இதன் உறவுக்காரக் குழாய் ஒன்று உண்டு, பெயர் நெர்ஃப் பார். சக்கரத்தோடு சக்கரம் பின்னிக்கொள்ளாமல் தடுக்கும், எதிராளியைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டவும் உதவும்.

மார்ச் 14

போன ஞாயிறு பொமோனாவில் பழைய கார், பழைய பாகங்கள் விற்கும் சந்தை. விடியற்காலை ஐந்து மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு இரும்பு பார்க்கிற கூட்டம். நானும் அந்தக் கூட்டம்தான்.

ஒரு கடையில் 1937 டிசோட்டோ காரின் பம்பர், மூன்றாம் பிறை மாதிரி வளைந்து, நீளவாக்கில் வரி வரியாக. சாக்ரமெண்டோவில் கார்களின் உருவத்தை மாற்றிக் கட்டிய ஹாரி வெஸ்டர்கார்டு காலத்திலிருந்தே, இப்படிக் கஸ்டம் கார் கட்டுபவர்களுக்கு இதன் மேல் ஒரு மோகம். எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் அது கனத்த, தாழ்ந்த, உருண்ட கார்களுக்கான நகை. மட்கார்டு இல்லாத மாடல் ஏ-யில் மாட்டினால் ஒல்லிப் பையன் அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கும். தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

நாலு கடை தள்ளி 1932 முன் பம்பர். ஒற்றைப் பட்டை. குரோம் புள்ளி புள்ளியாக அரித்திருந்தது, ஆனால் வளைவு கெடவில்லை. சேசிஸ் 1932, கிரில் 1932, பம்பரும் 1932 என்றால் யார் என்ன சொல்ல முடியும்? 340 டாலர் கேட்டார், 260-க்கு முடிந்தது. காரில் ஏற்றும்போதே தெரியும், நான் ஜாதகம் பார்த்து வாங்கியிருக்கிறேன், பெண்ணைப் பார்த்து இல்லை.

மார்ச் 29

குரோம் கடைக்குக் கொடுத்திருந்த பட்டை வந்தது.

நல்ல குரோம் என்பது குரோம் இல்லை, அடியில் இருக்கும் செம்பும் நிக்கலும்தான். குழிகளைச் செம்பால் நிரப்பித் தேய்த்து, மேலே நிக்கல் ஏற்றி, கடைசியில் மெல்லிய தோலாகக் குரோம். அந்த மஞ்சள் கலக்காத வெளுத்த நீலப் பளபளப்பு ஹெக்ஸாவேலண்ட் குரோமியத் தொட்டியிலிருந்து வருவது. புற்றுநோய் உண்டாக்கும் என்பதால் கலிஃபோர்னியா காற்று வாரியம் 2023-இல் விதி போட்டது. அலங்கார வேலைக்கு 2027 ஜனவரியிலிருந்து அந்தத் தொட்டி கூடாது, கூடுதல் நிபந்தனைகளை ஏற்கும் கடைகளுக்கு மட்டும் 2030 வரை தவணை. தொட்டிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களை நினைத்தால் என்னால் இதற்கு எதிராகப் பேச முடியவில்லை. என் பட்டையைச் சீக்கிரம் கொடுத்துவிட வேண்டும் என்று ஓடியதும் நான்தான்.

பட்டை கண்ணாடி மாதிரி வந்தது. சனிக்கிழமை மாட்டிப் போல்ட்டை முறுக்கினேன். திங்கள் காலை போல்ட் துளையிலிருந்து ஓரம் வரை தலைமுடி மாதிரி ஒரு விரிசல்.

பெரியவரிடம் காட்டினேன். அமிலத்தில் போட்டுத் துரு எடுக்கும்போதும் முலாம் பூசும்போதும் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்துவிடும். ஸ்பிரிங் ஸ்டீல் போன்ற கடினமான இரும்பு அதைத் தாங்காது. முலாம் பூசிய கையோடு சுமார் 190 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சுட்டால் ஹைட்ரஜன் வெளியேறிவிடும், சுடாவிட்டால் இறுக்கிய இடத்தில் ஓரிரு நாள் கழித்துப் பிளக்கும். கடையில் சுட்டார்களா என்று கேட்டேன். சுட்டோம் என்றார்கள். சண்டை போட்டுப் பாதிப் பணம் வாங்கினேன். கடை பெயர் வேண்டாம்.

பம்பர் இப்போது கராஜ் சுவரில் தொங்குகிறது. மகள் அதில் முகம் பார்த்துத் தலை வாருகிறாள்.

ஏப்ரல் 6

பம்பர் இல்லாத முன்பக்கத்தை இன்று அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்று புரிந்தது. மட்கார்டு இல்லாத இந்த வண்டியில் முன் டயர்கள் கிரில்லைத் தாண்டி முன்னால் நிற்கின்றன. சுவரில் போய் முட்டினால் ரேடியேட்டருக்கு முன்னாடி டயரும் சேசிஸ் கொம்புமே முட்டும். முன்னால் பெரிதாகக் காப்பாற்ற ஒன்றும் இல்லை, பின்னால் டாங்கி இருக்கிறது. ஜனவரியிலேயே பெரியவர் ஒரு விரலால் சொன்ன விஷயம். எனக்கு மூன்று மாதமும் 260 டாலரும் குரோம் கூலியும் ஆயிற்று.

பின்னால் கனமான நெர்ஃப் பார். முன்னால் அதே குழாயில் சின்னதாக ஒன்று, சேசிஸின் முன் கொம்புகள் இரண்டையும் இணைக்கும் ஸ்பிரெடர் பாரை ஒட்டி, இரண்டு போல்ட்டில் கழற்றுகிற மாதிரி. சட்டத்துக்கும் ஒரு பதில், ஏரிக்குப் போனால் கழற்றி வைக்கவும் வசதி. குரோம் கிடையாது, கருப்புப் பெயின்ட்.

ஏப்ரல் 20

குழாய் வளைத்த நாள். ஒரு அங்குல விட்டம், எட்டில் ஒரு அங்குலச் சுவர். வளைக்கும் மெஷின் என்னிடம் இல்லை, பெரியவர் மெஷினே வேண்டாம் என்றார். குழாய்க்குள் மணலை இடித்து இடித்து நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்து, டார்ச்சால் சிவக்கச் சூடேற்றி, மரத்தில் வெட்டிய அச்சின் மேல் இழுத்தால் மடங்காமல், நசுங்காமல் வளையும். மணல் உள்ளிருந்து குழாயைத் தாங்கிக்கொள்கிறது.

மணலில் ஈரம் இருக்கவே கூடாது. நீராவியாகி அடைப்பைத் துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே தள்ளும். அதனால் முதல் நாள் இரவே மணலைச் சமையலறை அவனில் வறுத்தேன். கேக் வைக்கும் தட்டில். அதைப் பற்றி வீட்டில் நடந்த பேச்சு இங்கே வேண்டாம்.

முதல் வளைவு கோணல். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது முறை பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் அவரிடம் பாராட்டு.

உயரம் எவ்வளவு வைப்பது என்று கேட்டேன். தன் பழைய பிக்கப்பின் முன் பம்பரை அளந்துகொள்ளச் சொன்னார். ஏன் என்றேன். அளந்துக்கோ என்றார். தரையிலிருந்து நடுப்பகுதி 18 அங்குலம். அதையே வைத்தேன். நம்பர் பிளேட் சட்டப்படி தரையிலிருந்து 12 அங்குலத்துக்குக் கீழே போகக்கூடாது, அதுவும் இதன் மேல் சரியாக உட்கார்ந்தது.

மே 4

பெயின்ட் காய்ந்து, இரண்டையும் மாட்டினேன். பின் பார், டாங்கியிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி, அதன் கீழ்விளிம்பின் வளைவோடு சேர்ந்து போகிறது. முன்னால் இருப்பது தேடினால்தான் கண்ணில் படும். மனைவி சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கா அஞ்சு மாசம்?" என்றாள். ஆமாம்.

மே 18

தெருக்கோடி வரை ஓட்டிப் போனேன். திரும்பி வரும்போது மேட்டில் எஞ்சின் நின்றது. ஆறு வோல்ட் பேட்டரி முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது. வண்டியைத் தள்ள நான் இறங்குவதற்குள் கண்ணாடியில் பெரியவரின் பிக்கப் தெரிந்தது. அவர் கையை மட்டும் வெளியே நீட்டி, உள்ளேயே இரு என்று காட்டினார்.

பிக்கப்பின் பம்பர் என் பாரில் வந்து தொட்டது, சத்தமே இல்லை. இரண்டாவது கியர், கிளட்ச் கீழே. நடக்கிற வேகம், பிறகு ஓடுகிற வேகம். கிளட்ச்சை விட்டேன். ஒரு இருமல், இன்னொரு இருமல், அப்புறம் எட்டு சிலிண்டரும் பிடித்துக்கொண்டன. கண்ணாடியில் பிக்கப் சின்னதாகிக்கொண்டே போனது.

வீட்டில் இறங்கிப் பார்த்தேன். கருப்புப் பெயின்ட் இரண்டு இடத்தில் இரும்பு தெரிய உரிந்திருந்தது. பிரஷ் கையில் எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். துரு பிடிக்காமல் இருக்க ஒரு கை எண்ணெய் மட்டும் தடவினேன்.